காற்றைப் பார்த்து வண்டியை எடுங்கள்: ஸ்பெயினின் காதிஸ் மாகாணத்தில் முதல் கார்ப் பயணம்

காதிஸில் இருந்த நாட்களில் காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை, சன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்ப்பதுதான். விடுதி நடத்திய அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். அன்றைக்கு மலைக்கா, கடலுக்கா என்பதை அது ஒன்றே முடிவு செய்துவிடும்.

ஸ்பெயினின் தென்கோடியில், அட்லாண்டிக்கும் மத்தியதரைக் கடலும் சேரும் மூலையில் இருக்கிறது இந்த மாகாணம். கீழ்க்காற்றுக்கு அங்கே லெவாந்தே என்று பெயர், மேல்காற்றுக்குப் போனியெந்தே. நம் மீனவர்கள் கொண்டல், கச்சான் என்று பெயர் வைத்திருப்பது போலத்தான். ஆனால் குணம் தலைகீழ். சென்னையில் மேல்காற்று என்றால் அனல், மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தால்தான் உயிர் வரும். காதிஸில் கீழ்க்காற்று நிலத்தைக் கடந்து வருவதால் வறண்டு, சூடாக, நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் போனியெந்தேதான் குளுமை. லெவாந்தே பலமாக அடிக்கும் நாளில் தரீஃபா பக்கத்துக் கடற்கரையில் உட்கார்ந்தால் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். அதே நாளில் மேற்குப் பக்க மலைச்சரிவுகளில் பெரும்பாலும் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். போனியெந்தே பலமாக வந்தால் மலையில் மேகம் கவியலாம், கடற்கரை கோடையிலும் இதமாக இருக்கும்.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த நாள் எந்த ஊர் என்று இங்கிருந்தே பூட்டிவிடாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் தங்கி, காற்றைப் பார்த்து அன்றன்றைக்குக் கிளம்புங்கள். பெரிய தூரங்கள் இல்லாத மாகாணம் என்பதால் இது சாத்தியம். ஆறு நாள் இருந்தால் போதும்.

போகும் முன்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் ஸ்பெயின்காரர்கள் எல்லோரும் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள், அறை வாடகை ஏறிவிடும். பிப்ரவரியில் காதிஸ் நகரத்துக் கார்னிவல், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், வசந்தத்தில் ஹெரெஸ் நகரத்தின் மோட்டார்சைக்கிள் பந்தயம், மே மாதக் குதிரைத் திருவிழா, இந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் போய் இறங்காதீர்கள்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகமே கொடுக்கிறது, ஓராண்டு செல்லும். விசா, டிக்கெட் அலைச்சலில் பலரும் கடைசி வாரம் வரை இதை மறந்துவிடுகிறார்கள். அனுமதி இல்லையென்றால் கவுன்ட்டரில் சாவி கொடுக்க மாட்டார்கள்.

கார் எடுக்கும்போது இரண்டு விஷயம். அங்கே சாதாரணமாகக் கொடுப்பது கியர் வண்டி. வலது கையால் கியர் போட்டுப் பழக்கம் இல்லாதவர்கள் முன்கூட்டியே ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். வாடகை கொஞ்சம் கூடும், ஆனால் மலையில் உங்கள் கவனம் முழுவதும் சாலையில் இருக்கும். இன்னொன்று, டெபாசிட் தொகையைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். ஓட்டுபவரின் பெயரிலேயே அந்த கார்டு இருக்க வேண்டும், டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

வண்டியை எந்தச் சிறிய காரணத்துக்காகவும் பெரிதாக எடுக்காதீர்கள். நான்கு பேர் என்றாலும் சிறிய கார்தான். ஏன் என்று ஆர்கோஸ் என்ற மலையூர் வரும்போது சொல்கிறேன்.

முதல் நாள்: வலது பக்கம் பழகுங்கள்

விமானத்தில் ஹெரெஸுக்கே வரலாம். அல்லது செவில்லாவில் இறங்கிக் காரில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த ஏ.பி-4 நெடுஞ்சாலையில் முன்பு சுங்கம் உண்டு, 2020 ஜனவரி 1 முதல் இலவசம். மாலாகாவில் இறங்கினாலும் சரிதான், தூரம் கொஞ்சம் அதிகம்.

இரவு விமானத்தில் வந்து இறங்கி உடனே ஓட்டாதீர்கள். ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் காலையில் வண்டியை எடுங்கள். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு நேர்ச்சாலையில் பிரச்சினை வராது, கூடவே நிறைய வண்டிகள் போகும். தப்பு நடப்பது பெட்ரோல் பங்கிலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும்போதுதான். கை தானாக இடது பக்கம் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறு நாளும் சொன்னோம்.

ரவுண்டானாவில் இடதிலிருந்து, அதாவது ஏற்கெனவே உள்ளே சுற்றி வரும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் வலப்புறமாக நுழைந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவீர்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 120, ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் 90, ஊருக்குள் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகம்தான். கேமராக்கள் இருக்கின்றன, அபராதம் கார் நிறுவனம் வழியாக ஊர் வரைக்கும் தேடி வரும்.

பங்கில் ஒரு பொறி உண்டு. கசோலினா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு குழாயைத் தொடுங்கள். நிறுத்துமிடத்தில் நீலக்கோடு போட்டிருந்தால் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டெடுக்க வேண்டும், வெள்ளைக்கோடு பெரும்பாலும் இலவசம், மஞ்சள்கோடு பக்கமே போகாதீர்கள். அவசரத்துக்கு 112.

எங்கே தங்குவது

எல்லோரும் ஆர்கோஸ் அல்லது பெஹேர் என்பார்கள், இரண்டும் அழகுதான். நான் மெதினா சிதோனியாவைச் சொல்வேன். மாகாணத்தின் நடுவில், ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே ஆர்கோஸ், தெற்கே பெஹேர், மேற்கே காதிஸ் விரிகுடா, எல்லாமே முக்கால் மணி நேரத்துக்குள். காலையில் காற்று எப்படி அடித்தாலும் போக ஒரு பக்கம் இருக்கும்.

அந்த ஊரில் அல்பஹோர் என்று ஒரு இனிப்பு. பாதாம், தேன், எள், கொத்தமல்லி விதை, கிராம்பு, பட்டை, சோம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டி, மிட்டாய் மாதிரி காகிதத்தில் சுற்றி இரண்டு முனையும் முறுக்கியிருப்பார்கள். அரபு காலத்து இனிப்பு. காகிதத்தைப் பிரித்ததும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாசம் வந்தது. தேனில் ஊறிய கொத்தமல்லி விதை பல்லில் நொறுங்கும்போது, இதை ஏன் நாம் செய்யாமல் விட்டோம் என்று தோன்றியது.

லெவாந்தே அடித்தால் மலை: வெள்ளை ஊர்கள்

வடகிழக்கு மலைப்பகுதியில் சுண்ணாம்பு அடித்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. வெயிலைத் திருப்பியடிக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது அங்கே ஆண்டுதோறும் நடக்கும் வேலை. பல ஊர்ப் பெயர்களின் கடைசியில் "தே லா ஃபிரொந்தேரா" என்று வரும். எல்லையில் உள்ள ஊர் என்று பொருள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை கஸ்தீலிய கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாதாவின் முஸ்லிம் அரசுக்கும் நடுவே எல்லை இந்தப் பக்கமாகத்தான் ஓடியது. அதனால்தான் ஊர்கள் சமவெளியை விட்டுவிட்டுப் பாறை உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டை.

முதலில் ஆர்கோஸ் தே லா ஃபிரொந்தேரா. செங்குத்தான பாறையின் விளிம்பில் ஊர், கீழே குவாதலேத்தே ஆறு வளைந்து போகிறது. வண்டியை ஊருக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். நான் அதைச் செய்யாமல் போன் காட்டிய வழியில் பழைய ஊருக்குள் போய்விட்டேன். சந்து குறுகிக்கொண்டே போய், சைடு மிரர் இரண்டையும் மடக்கிய பிறகும் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம்தான் மிச்சம். சுவரில் கதவு உயரத்துக்கு வண்டிகள் உரசிய நிறம் நிறமான கோடுகள். வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்த ஒரு பெரியவர் முன்னால் நின்று, உள்ளங்கையை இடதும் வலதுமாக ஆட்டி ஆட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னை வெளியே கொண்டுவந்தார். பின்பக்கக் கதவில் ஒரு நீளக் கீறல் விழுந்தது, டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். முழு இன்சூரன்ஸ் போடுவதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், போடுங்கள்.

ஆர்கோஸிலிருந்து ஏ-372 சாலையில் எல் போஸ்கே. அங்கே கொஞ்சம் நின்று தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். இந்த மலைப்பகுதி இயற்கைப் பூங்காவின் தகவல் மையம் இந்த ஊரில் இருக்கிறது. பின்சாபோ என்ற அரிய ஊசியிலை மரக் காட்டுக்குள்ளோ, கார்கந்தா பெர்தே பள்ளத்தாக்குக்குள்ளோ நடக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் கட்டுப்பாடு கூடும்.

அதன் பிறகு மலைப்பாதை. போயார் கணவாயைத் தாண்டினால் கிராசலேமா. ஸ்பெயினிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் இது ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரமேகம் முதன்முதலில் முட்டும் சுவர் இந்த மலை. 1977லேயே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இங்கே கம்பளிப் போர்வைகள் பேர்போனவை. பக்கத்து ஊரான பில்யாலுவெங்காவின் பாயோயோ வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி ஒரு துண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள், உச்சியில் போய்ச் சாப்பிடலாம்.

உச்சி என்றது பலோமாஸ் கணவாய். கிராசலேமாவிலிருந்து சாரா தே லா சியெராவுக்குப் போகும் சி.ஏ-9104 சாலையில், ஆயிரம் மீட்டருக்கு மேலே. திசை முக்கியம். கிராசலேமாவிலிருந்து சாராவை நோக்கித்தான் போக வேண்டும். அப்போதுதான் இறங்கும்போது நீர்த்தேக்கம் கண்முன்னே இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் அந்தக் காட்சி முழுக்க முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மேலே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு ஒரு கால்மணி நேரம் சும்மா நில்லுங்கள். நாங்கள் போன காலையில் கழுகுகள் எங்களுக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன. கிரிஃபன் பிணந்தின்னிக் கழுகு, இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் வரும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி மேலே வந்து, எங்கள் கண்மட்டத்தைத் தாண்டும்போது இறக்கை காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பழுப்பு முதுகில் வெயில் விழுந்து, இறக்கை நுனியில் விரல்கள் போலப் பிரிந்த கறுப்பு இறகுகள் தனித்தனியாக அசைவதுகூடத் தெரிந்தது. யாரும் பேசவில்லை.

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள். நம் மலைகளில் செய்வது போலவே இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். சைக்கிள்காரர்களைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். சாரா வந்ததும் கோட்டைக் கோபுரம் வரை நடந்து ஏறலாம். திரும்ப அல்கொதோனாலெஸ், பில்யாமார்த்தின் வழியாக ஏ-384 நல்ல சாலை, இருட்டும் முன் மெதினா வந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மாகாணத்தில் இரண்டு சாரா உண்டு. மலையில் இருப்பது சாரா தே லா சியெரா, கடலோரத்தில் இருப்பது சாரா தே லோஸ் அத்தூனெஸ். இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். போனில் வெறும் "சாரா" என்று போட்டு அது காட்டும் முதல் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஒல்வேரா, செதெனில் என்ற மற்ற இரண்டு வெள்ளை ஊர்களையும் அதே நாளில் திணிக்க வேண்டாம், இன்னொரு மலைநாளுக்கு வையுங்கள். ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டருக்கு ஒரு பழைய ரயில்பாதை. 1920களில் தொடங்கி, சுரங்கமும் பாலமும் கட்டி, கடைசிவரை ஒரு ரயிலும் ஓடாமல் நின்றுபோனது. இப்போது 30 சுரங்கங்கள் வழியாகச் சைக்கிளில் போகலாம், ஒல்வேராவில் வாடகைக்குக் கிடைக்கும். செதெனிலில் ஆறு அரித்த பாறைக்கடியிலேயே வீடுகள் கட்டியிருக்கிறார்கள். குவேவாஸ் தெல் சோல் என்ற தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தலைக்கு மேலே கூரையாக முழுப்பாறை. நண்பகலில் தெரு நிரம்பிவிடும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து மாலாகா மாகாணத்து ரோந்தா அரைமணி நேரம்தான், 1793இல் முடிந்த அந்த உயரமான பாலத்தைப் பார்த்துவிட்டே வரலாம்.

போனியெந்தே வந்தால் கடல்

காதிஸ் பக்கத்திலிருந்து பெஹேர் வரை நான்குவழிச் சாலை, அதன் பிறகு என்-340 இருவழிதான். கோடை வார இறுதிகளில் அது நத்தை வேகத்தில் நகரும். எனவே காலை எட்டரைக்குள் கிளம்பி நேராகத் தரீஃபாவையும் தாண்டி, மிராதோர் தெல் எஸ்த்ரேச்சோ என்ற காட்சிமுனைக்குப் போய்விடுங்கள். எதிரே ஆப்பிரிக்கா. நீரிணையின் குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான். தெளிவான நாளில் மொராக்கோ மலையின் மடிப்புகள்வரை தெரியும், நடுவே சரக்குக் கப்பல்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். தரீஃபாவில் தீவுக்குப் போகும் தரைப்பாலத்தில் நின்றால் ஒரு கைப்பக்கம் அட்லாண்டிக், மறுகைப்பக்கம் மத்தியதரைக் கடல். பால்தேபாக்கெரோஸ் கடற்கரையில் மணற்குன்று சாலைமேலேயே ஏறி வரும். புந்தா பலோமா பக்கம் போகும் கிளைச்சாலையை லெவாந்தே மூடிவிட்டால் இயந்திரம் வைத்து அள்ளுவார்கள். மணல் கிடக்கும் சாலையில் வண்டியை விடாதீர்கள், சிக்கிவிடும்.

பொலோனியாவுக்கு என்-340லிருந்து தனியாக ஒரு சாலை பிரிந்து கடலில் போய் முடிகிறது. இந்த நாளில் அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். கடற்கரையை ஒட்டியே பாயெலோ கிளாவுதியா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடு. தெருவும் சந்தையும் நாடக அரங்கும் இருக்கின்றன, ஆனால் நேராகக் கடல்பக்கம் போய்த் தரையில் குடைந்த தொட்டிகளைப் பாருங்கள். மீனை உப்பில் ஊறப்போட்ட தொட்டிகள். கடந்து போகும் சூரை மீனைப் பிடித்து, இங்கே கருவாடும் கரூம் என்ற மீன்சாறும் செய்து கப்பலில் அனுப்பினார்கள். ஊர் பிழைத்ததே இதனால்தான். திங்கட்கிழமை மூடியிருக்கும், கிழமை பார்த்துப் போங்கள். மேற்குப் பக்கம் 30 மீட்டருக்கு மேல் உயரமான மணற்குன்று, பைன் காட்டை விழுங்கிக்கொண்டு ஏறுகிறது. கடற்கரையில் ரெத்திந்தா என்ற செந்நிற மாடுகள் மனிதர்களுக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

அதே சூரை மீனை இன்றும் அதே முறையில் பிடிக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, முட்டையிட மத்தியதரைக் கடலுக்குள் போகும் மீன்களை வழிமறித்து நங்கூரமிட்ட வலைச்சுவர்களுக்குள் திருப்பிவிடும் இந்த முறைக்கு அல்மத்ராபா என்று பெயர். பார்பாதே, கொனீல், கடலோர சாரா, தரீஃபா நான்கிலும் உண்டு. மீன் சாப்பிடுகிறவர்கள் மே மாதம் போனால் பார்பாதேயில் ஒரு வேளையாவது உட்காருங்கள்.

பார்பாதேயிலிருந்து கான்யோஸ் தே மேக்கா வரை ஏ-2233 சாலை குடைப்பைன் காட்டுக்குள் போகிறது. சூரியன் விழும் நேரத்துக்கு டிரபால்கர் முனைக்கு வந்துவிடுங்கள். 1805 அக்டோபர் 21 அன்று பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பற்படை பிரெஞ்சு, ஸ்பானியப் படைகளை முறியடித்தது இந்தக் கரைக்கு எதிரேதான். கலங்கரை விளக்கம் வரை மணலில் நடக்க வேண்டும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும், அவசரமே இல்லை.

ஒரு நாள் வண்டியை விட்டுவிடுங்கள்

காதிஸ் நகரம் கடலுக்குள் நீண்ட நிலம், பழைய ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. எல் புவெர்த்தோ தே சாந்தா மரியாவில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து புறப்படும் படகில் ஏறினால் அரைமணியில் காதிஸ். 1812இல் ஸ்பெயினின் முதல் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்ட ஊர். தபீரா கோபுரத்தில் ஏறி, சந்தையில் சாப்பிட்டு, லா கலேத்தா கடற்கரையில் கால் நனைத்தால் நாள் போய்விடும். மாலையில் தெம்பு மிச்சமிருந்தால் ஆற்றுமுகத்து ஊரான சான்லூகர். மகெல்லன் 1519இல் பாய்விரித்ததும், மூன்றாண்டு கழித்து உலகைச் சுற்றிய ஒரே கப்பலில் அதன் தலைவர் எல்கானோவையும் சேர்த்து 18 பேர் திரும்பியதும் அந்த ஆற்றுமுகத்தில்தான்.

சாப்பாடு

நேரம் தெரியாமல் போனால் பட்டினிதான். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு, இரவு ஒன்பதுக்கு மேல். நடுவில் சமையலறை மூடிவிடும், கடைகளும் இரண்டிலிருந்து ஐந்துவரை மூடியிருக்கும். காரில் எப்போதும் ரொட்டியும் பழமும் இருக்கட்டும்.

சைவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த எஸ்பினாக்காஸ் கோன் கார்பான்சோஸ், சீரக வாசத்தோடு நம் கூட்டு மாதிரியே இருக்கும். கத்தரிக்காயை வறுத்து மேலே கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள். தக்காளியில் செய்யும் சால்மொரேஹோ என்ற குளிர்ந்த சூப்பின் மேலே பன்றி இறைச்சித் துண்டைத் தூவிவிடுவார்கள், "சின் ஹமோன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு தோர்த்தியீத்தா தே கமரோனெஸ். கடலை மாவும் கோதுமை மாவும் நீர்க்கக் கரைத்து, பொடி இறாலை ஓட்டோடு போட்டு எண்ணெயில் ஊற்றி எடுத்த மொறுமொறு அடை. காதிஸ் சந்தையில் நின்றபடியே சூடாக வாங்கித் தின்னுங்கள், ஆறவிட்டால் பாதி ருசி போய்விடும்.

திரும்பும் நாளில் விமானத்துக்கு நேரமிருந்தால் ஏ-381 வழியாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். லோஸ் அல்கொர்னோகாலெஸ் தக்கை மரக்காடு அது. ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டை உரிக்கிறார்கள், உரித்த மரத்தின் அடிப்பாகம் ரத்தச் சிவப்பாக நிற்கும். வண்டியை ஒப்படைக்கும் முன் டேங்கை நிரப்பி, பெட்ரோல் பங்க் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், சாவியைக் கொடுக்கும் இடத்திலும் ஒன்று.